கல்லுக்குள் தேரைக்கு யார் படியளந்தது?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று தேரை, தவளைகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டார்கள். நோட்டீசில் "தவளை வளர்ப்பு" என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து, கோழி வளர்ப்பு, மீன் வளர்ப்பு போல இதிலும் ஏதோ நாலு காசு கிடைக்கும் போலிருக்கிறது என்று இரண்டொரு தோழர்கள் வந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் சொல்லப் போகும் வளர்ப்பில் செலவைத் தவிர வரவு கிடையாது.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளக்கிறார் என்று சொல்லாத வீடு நம் நாட்டில் இல்லை. குழந்தை பசியால் அழுதாலும், குடும்பத் தலைவனுக்கு வேலை போனாலும், மழை பொய்த்தாலும் இந்தத் தேரையைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தத் தேரையைக் கூண்டில் ஏற்றி விசாரித்தவர்கள் யாருமில்லை. இன்று நான் ஒரு தேரையின் சாட்சியத்தை உங்கள் முன் வைக்கிறேன். நான் சொல்லுவதற்காக நம்ப வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா என்று ஒரு தேசம். அங்கே உட்சுங்வா மலையில் கிஹான்சி என்ற ஆறு அருவியாக விழுகிறது. குற்றாலத்தில் சீசன் காலத்தில் நின்றவர்களுக்குச் சாரல் என்றால் என்னவென்று தெரியும். அப்படிப்பட்ட சாரல் வருஷம் முழுவதும் ஓயாமல் நனைத்து வந்த நிலம் சுமார் இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மஞ்சள் தேரை அந்த ஐந்து ஏக்கரில் மட்டும் வாழ்ந்தது. வளர்ந்ததே இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். முட்டையும் இல்லை, தலைப்பிரட்டையும் இல்லை. தாய் குஞ்சாகவே ஈன்றுவிடும். ஈரப் பாறையும் பாசியும் சாரலும் இருந்தால் அதற்குப் போதும்.

1996-ல் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தபோது, அந்த ஆற்றின் குறுக்கே மின்சாரத்திற்காக அணை வேலை ஏற்கெனவே தொடங்கியாகிவிட்டது. 2000-ம் வருஷ வாக்கில் ஆற்று நீரில் பத்தில் ஒன்பது பங்கு அருவிக்குப் போகாமல் குகைக் கால்வாய் வழியே இயந்திரத்திற்குத் திருப்பப்பட்டது. சாரல் நின்றது. பாசி காய்ந்தது. தேரை ஒடுங்கிற்று. தோழர்களே! இத்தனை யுகமாகப் படியளந்தவர் ஒருவர் இருந்தால், மனிதன் ஒரு மதகைத் திருப்பியதும் அந்தப் படி ஏன் நின்றது? நின்ற பிறகாவது வேறு வழியாக அளக்க அவருக்கு ஏன் தோன்றவில்லை?

அணை கட்டியதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. 180 மெகாவாட் மின்சாரம் ஏழை நாட்டுக்குச் சாமானியமான காரியமல்ல. இருட்டிலிருக்கும் மக்களிடம், "தேரைக்காக நீங்கள் விளக்கில்லாமல் இருங்கள்" என்று சொல்ல, இங்கே விசிறிக்கடியில் நின்று பேசும் எனக்கு யோக்கியதை கிடையாது. நான் குறை கூறுவது வேறொன்றை. அணைக்குச் சிமெண்டு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்ட மனிதர்கள், அருவியை நிறுத்தினால் அதன் கீழே யாருக்குச் சாவு என்ற கணக்கை மட்டும் கடைசியில் போட்டார்கள்.

கணக்குப் போட்ட பிறகு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கில் குழாய்களைப் பதித்து, மேலிருந்து வரும் நீரின் அழுத்தத்தாலேயே பீச்சும்படி செய்து, செயற்கைச் சாரல் உண்டாக்கினார்கள். 2000-ம் வருஷக் கடைசியில் 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்துப் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலைக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அங்கிருந்து வேறு சில ஊர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். இது முன்யோசனையாகச் செய்த காரியம். ஏனெனில் 2003-ல் பள்ளத்தாக்கில் சுமார் 20,000 என்று மதிப்பிடப்பட்டிருந்த தேரைகள், அந்த வருஷத்திற்குள்ளாகவே விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. பூசண நோய் காரணமா, அணையின் வண்டலைத் திறந்துவிட்டது காரணமா, குழாய்ச் சாரல் நின்றுபோனது காரணமா என்று பலவாறு சொல்லுகிறார்கள். எப்படியானாலும் 2009-ல் இந்தத் தேரை காட்டில் அற்றுப் போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. மிச்சமிருந்தது கடல் கடந்து போன அந்தக் குடும்பங்கள்தான்.

நிற்க, அந்தக் குடும்பங்களாவது சுகமாக இருந்தனவா? இல்லை. 499 தேரைகள் நாலு வருஷத்தில் எழுபதுக்கும் கீழே போய்விட்டன. வளர்த்தவர்கள் முட்டாள்களல்ல, சோம்பேறிகளுமல்ல. ஆனால் இந்தத் தேரையை அதற்கு முன் உலகத்தில் யாரும் வளர்த்ததில்லை. நுரையீரல் புழு தாக்கிற்று. தீனியில் சத்துப் போதவில்லை. கூரைக்கடியில் எரிந்த விளக்கில் சூரிய வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கதிர் இல்லை. ஒவ்வொன்றாகச் செத்ததை அறுத்துப் பார்த்து, எடைபோட்டு, எழுதி வைத்து, விளக்கை மாற்றி, தீனியை மாற்றி, மறுபடி எழுதி வைத்து, அதன் பிறகுதான் ஆயிரக்கணக்கில் பெருகிற்று. தவறு செய்தோம் என்று எழுதி வைத்தவர்களால்தான் அந்தத் தேரை பிழைத்தது. நம் சாஸ்திரக்காரர்களில் யாராவது "இந்த இடத்தில் நாங்கள் தவறிவிட்டோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் காட்டுங்கள்.

தீனி என்றேனே, அதை இலேசாக எண்ணிவிடாதீர்கள். தேரைக்குச் செத்த பூச்சியைத் தட்டில் வைத்தால் தொடாது, அசைவதைத்தான் பிடிக்கும். ஆகவே தேரை வளர்க்கப் புறப்பட்டவன் முதலில் பூச்சி வளர்க்க வேண்டும். பழ ஈ, சிள்வண்டுக் குஞ்சு எல்லாவற்றுக்கும் தனித்தனியே பண்ணை. அந்தப் பூச்சிக்கும் நல்ல தீனி போட்டு, சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டித்தான் தேரைக்குப் போட வேண்டும். அமெரிக்காவில் வயோமிங் தேரை என்ற இன்னொரு ஜாதியை வளர்த்தபோது, அவை நாக்கை நீட்டியும் பூச்சி ஒட்டாமல் பட்டினி கிடந்தன. வைட்டமின் ஏ குறைந்ததால் நாக்கின் பிசுபிசுப்பே போய்விட்டதாம்! வயிறு நிறையப் போட்டும் பட்டினி. படியளப்பது என்றால் இவ்வளவு வேலை இருக்கிறது.

இனி, எத்தனை தேரைகளைப் பிடித்துத் தொடங்குவது என்பது. ஒரு ஆண், ஒரு பெண் போதும், ஒரு கப்பலில் ஏற்றிவிட்டால் உலகம் முழுவதும் மறுபடி நிரம்பிவிடும் என்று ஒரு மதத்தார் கதை வைத்திருக்கிறார்கள். கணக்கு என்ன சொல்லுகிறதென்றால், உறவில்லாத இரண்டு உயிர்களை மட்டும் எடுத்தால் காட்டிலுள்ள மரபு வேற்றுமையில் முக்கால் பங்குதான் கைக்கு வரும். பத்து எடுத்தால் 100-க்கு 95. இருபது எடுத்தால் 97½. அதுவும் எல்லாம் குட்டி போட்டால்தான். பிறகு தலைமுறைக்குத் தலைமுறை இந்தக் கையிருப்பு கரைந்து கொண்டேயிருக்கும். ஆகவே நூறு வருஷத்திற்குப் பிறகும் 100-க்கு 90 பங்காவது மிஞ்ச வேண்டும் என்று இலக்கு வைத்து, அதற்கு எத்தனை தொட்டி, எத்தனை ஆள், எவ்வளவு பணம் என்று தொடங்குமுன்பே திட்டம் போடுகிறார்கள். கடைசி நாலு தேரை மிஞ்சிய பிறகு "ஐயோ!" என்று ஓடுவது வளர்ப்பல்ல, கருமாதி.

இதற்கு ஒரு வம்சப் பேரேடு வைக்கிறார்கள். எது எதற்குப் பிறந்தது, எந்தத் தொட்டி, எப்போது செத்தது எல்லாம் அதில் உண்டு. ஜோடி சேர்க்கும்போது அதைப் பார்த்து, யாருக்கு யார் மிகத் தூரமோ அவர்களைச் சேர்க்கிறார்கள். மழை வரவேண்டுமென்று அஸ்ஸாமில் தவளைக்கு மஞ்சள் பூசிக் கலியாணம் செய்கிறார்களே, அந்தக் கலியாணத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதோடு நம் வீட்டுக் கலியாணத்தையும் வையுங்கள். நாமும் பேரேடு பார்க்கிறோம். ஜாதகம், கோத்திரம், ஜாதி, உட்ஜாதி எல்லாம் பார்த்து, எவ்வளவு நெருக்கத்தில் சேர்க்க முடியுமோ அவ்வளவு நெருக்கத்தில் சேர்க்கிறோம். சொத்து வெளியே போகாமலிருக்க அக்காள் மகளைக் கட்டினால், பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு இரு வழியிலும் ஒரே சரக்காக வந்து சேரலாம்; மாமன் மகளானால் பதினாறில் ஒரு பங்கு. தேரைப் பேரேட்டில் இதைச் சிவப்பு மையால் அடிப்பார்கள்.

மனிதரையும் தேரையைப்போல் தொட்டியில் போட்டு ஜோடி சேர்க்கச் சொல்லுகிறேன் என்று யாரும் திரித்துவிட வேண்டாம். மனிதனுக்கு மனமிருக்கிறது, பெண்ணுக்குச் சம்மதம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சம்மதத்தையும் கேட்காமல், தேரைக்குப் பார்க்கும் கணக்கையும் பார்க்காமல், ஜாதியை மட்டும் பார்ப்பது எந்த அறிவு என்பதுதான் என் கேள்வி.

தேரை அறையில் தீண்டாமையும் உண்டு என்றால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு தொட்டியைத் தொட்ட கையுறையோடு அடுத்த தொட்டியைத் தொடக்கூடாது. அறைக்கென்று தனிச் செருப்பு. வேற்று நாட்டுத் தவளைகளோடு ஒரே அறையில் வைக்கக்கூடாது. புதிதாக வந்ததைத் தனியே வைத்துச் சோதித்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே சேர்க்க வேண்டும். இதற்குக் காரணமிருக்கிறது. தவளையின் தோலைத் தின்னும் ஒரு பூசணம் உலகெங்கும் பரவி, 2019-ல் வெளியான ஆராய்ச்சிப்படி, 501 இனங்களைக் குறைத்திருக்கிறது. அவற்றில் 90 இனங்கள் அடியோடு அழிந்துவிட்டதாக எண்ணப்படுகிறது.

ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவில் இதற்கு ஒரு துக்கமான உதாரணம். அங்குள்ள ஒரு சிறு தேரையைக் காப்பாற்ற, வெளியே கொண்டுபோய் வளர்த்து, 1989 முதல் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். பிற்பாடு 2008-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், வளர்ப்பிடத்தில் ஆப்பிரிக்கத் தவளையோடு ஓரறையில் இருந்ததில் ஒட்டிக்கொண்ட பூசணம் இந்தத் தேரைகளோடு தீவுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்தது. காப்பாற்றப் போன கையே நோயையும் கொண்டு போயிற்று. அதை மறைக்கவில்லை, தாங்களே ஆராய்ந்து, தாங்களே அச்சிட்டார்கள். அப்புறம் தலைப்பிரட்டைகளுக்கு மருந்து கொடுத்து, குட்டைகளையும் பாறைகளையும் கிருமிநாசினியால் கழுவி, சில குட்டைகளில் அந்தப் பூசணத்தை ஒழித்தும் விட்டார்கள். 2015-ல் அந்தச் செய்தி வந்தது.

இந்தத் தீட்டு சோதனையில் நோயில்லை என்றதும் தீர்ந்து போகும். கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்குமே தவிர, எந்த வயிற்றில் பிறந்தாய் என்று கேட்காது. நம் ஊர்த் தீட்டுக்குச் சோதனையும் கிடையாது, கெடுவும் கிடையாது.

பக்தி இருந்தால் காப்பாற்றும் என்பவர்களுக்கு மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமாவைக் காட்டுகிறேன். அங்கே தங்கத் தவளை என்று ஒன்று. அதைக் கண்டால் அதிர்ஷ்டம் என்பது ஜனங்களின் நம்பிக்கை. லாட்டரிச் சீட்டில்கூட அதன் படம் உண்டு. ஆகஸ்டு 14-ந் தேதியை அதற்கென்று தேசிய தினமாகக் கொண்டாடுகிறார்கள். இவ்வளவு மரியாதையும் பூசணத்தை ஒரு நாள்கூடத் தடுக்கவில்லை. 2006-ல் நோய் எல் வாயே என்ற ஊரை எட்டியபோது, வளர்ப்பிடம் கட்டி முடியாததால், ஒரு ஓட்டலின் அறைகளை எடுத்துத் தவளைகளை அதில் வைத்துத் தினமும் கழுவிக் காப்பாற்றினார்கள். இன்று காட்டில் அது இல்லாமலே போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். தொட்டிகளில் இருக்கிறது. ஆனால் ஓடையில் பூசணம் இன்னும் இருப்பதால் திரும்பப் போக வீடில்லை. வெளியே கொண்டு வருவதற்குத் திட்டமிருந்து, உள்ளே கொண்டு போய்ச் சேர்ப்பதற்கு வழியில்லாவிட்டால் அந்த வளர்ப்பு ஆயுள்தண்டனைதான் என்பதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

கிஹான்சித் தேரைக்கு அந்த வீடு கிடைத்தது. 2010-ல் நூறு தேரைகள் தாய்நாடு திரும்பி தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் கட்டிய வளர்ப்பிடத்தில் சேர்ந்தன. 2012 டிசம்பரில் பள்ளத்தாக்கில் மறுபடியும் விட்டார்கள். காட்டில் அற்றுப் போனதாக அறிவிக்கப்பட்ட தேரை, தவளை இனங்களில் சொந்த இடத்துக்குத் திரும்பியது இதுதான் முதல் என்கிறார்கள். அணை உடைக்கப்படவில்லை, விளக்கும் எரிகிறது. கொஞ்சம் நீரை அருவிக்கு விட்டு, மீதிக்குக் குழாய்ச் சாரல் என்று ஏற்பாடு.

இரண்டு துண்டுச் சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், "மனிதனுக்கே குடியிருக்க வீடில்லாதபோது தேரைக்கு வீடு எதற்கு?" என்று எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி, நானும் என்னையே கேட்டுக் கொண்டதுதான். மனிதனுக்கு வீடில்லாமற் போனது தேரைக்குக் குழாய் போட்டதனாலல்ல. கல்லுக்குப் பாலாபிஷேகம் செய்யும் ஊரில், அந்தக் கேள்வியைத் தேரையிடம் முதலில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மேலும், அணைக்குத் திட்டம் போடும்போதே அருவிக்கும் போட்டிருந்தால் விமானச் செலவும் இல்லை, பன்னிரண்டு வருஷக் கஷ்டமும் இல்லை.

இன்னொருவர், இங்கே நாம் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். கடையில் வாங்கிய வெளிநாட்டு மீனையோ தவளையையோ அலுத்துப் போயிற்று என்று குளத்தில் விடாதீர்கள். ஒரு குளத்துத் தவளையை இன்னொரு குளத்தில் கொண்டுபோய்ப் போடாதீர்கள். மலைக்குப் போகிறவர்கள் ஒரு ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போகுமுன் செருப்பிலுள்ள சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொண்டு போங்கள்.