பகுத்த பொறியும் தானே அமையும் பாதையும்



பங்குக் கிணற்றில் முறை வைத்து நீரிறைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. சேவையகம் என்னும் பெருங்கணினியைப் பலர்க்குப் பங்கிடுவதும் ஏறக்குறைய அத்தகையதே. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே ஒவ்வொரு பங்கும் தானே முழுக்கிணறு என்று நம்பி இயங்கும்.

1967ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தில் சி.பி. 40 என்னும் ஏற்பாடு பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணினி, 14 தனிக் கணினிகள் போல நடந்துகொண்டது. ஒரு பங்கிலுள்ள வேலை குழம்பி நின்றாலும் அயற்பங்கு நிற்பதில்லை. இடைச்சுவரிலும் வெடிப்பு உண்டென்பதை 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகள் காட்டின, அது தனிக்கதை.

இன்று இப்பங்குகள் நொடிப்பொழுதில் தோன்றுகின்றன. ஓரிரும்புப் பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்கின்றன. அவற்றுக்குச் செல்லும் வழிகளையெல்லாம் மனிதர் கையால் எழுதி முடியுமா? ஆகவே வழிப்படுத்தும் பொறிகள் தமக்குள் செய்தி பரிமாறிப் பாதையைத் தாமே கணிக்கின்றன. ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கு இன்றும் அதற்கு உதவுகின்றது.

இவ்வளவும் நன்றே. ஆனால் 2021 அக்டோபர் 4ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்துக்கு நேர்ந்ததை நாம் மறத்தலாகாது. வழமையான பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, அதன் தரவு நிலையங்களை இணைக்கும் வலையமைப்பு முழுவதையும் துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்கவென வைத்த காவல் நிரலிலும் ஒரு வழு இருந்தது. பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் சேவையகங்களோ, தரவு நிலையங்களை எட்ட முடியாமையால், தம்மிடம் வரும் பாதையை உலகுக்கு அறிவிப்பதைத் தாமே நிறுத்திக்கொண்டன. அவை பழுதாகவில்லை, கற்பித்தபடியே நடந்தன. வீடு கிடந்தது, ஒழுங்கை மறைந்தது!

பழுது பார்க்கும் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்தமையே நம்மை மிகவும் வருத்துவது. பொறியியலாளர் நேரிற் செல்ல வேண்டியதாயிற்று. அங்கும் பலத்த காவலைக் கடந்து உட்புகவே நேரம் பிடித்தது. இத்தொழிலிற் புகும் நம் இளைஞர்கள், வேலையின் முதல் நாளிலேயே, தனியான மாற்றுவழி எங்கேயென்று கேட்டறிதல் வேண்டும். மூத்தோர் அதனை அதிகப்பிரசங்கமென்று கொள்ளலாகாது.

ஏறக்குறைய ஆறு மணி நேரத்தின் பின் பாதை மீண்டது. அப்போதும் எல்லாவற்றையும் ஒருங்கே இயக்க அவர்கள் துணியவில்லை. மின்சாரப் பாவனை பல மெகாவாட் வீழ்ந்திருந்தது. அது திடீரென ஏறினால் மின்னமைப்பே கெடுமென்று அஞ்சி, சேவைகளைச் சிறிது சிறிதாகவே திறந்துவிட்டனர்.