வானொலி வீடு மாறும்போது



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்றுதான் உங்களோடு பேசுவேன். இன்றைக்கு அந்தப் பேச்சு எந்த வீட்டிலிருந்து கிளம்பி உங்கள் வீட்டுக்கு வருகிறதோ, அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். ஒரு சின்ன வானொலி நிலையம் பழைய இடத்தை விட்டுப் புதுக் கட்டடத்துக்குக் குடிபோகிறது என்றால், "அவுக வீடு மாறினா நமக்கென்ன சார்?" என்று பரளச்சிப் பக்கத்துச் சம்சாரி கேட்கத்தான் செய்வார். நியாயமான கேள்விதான். ஆனால் நமக்கு நிறையவே இருக்கிறது.

தமிழ்நாட்டு வானொலி ஆரம்ப காலத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறவர் மாதிரி இடம் மாறி இடம் மாறி வந்ததுதான். 1924ஆம் வருஷம் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவருடைய முயற்சியால் மதராஸ் மாகாண வானொலிச் சங்கம் ஏற்பட்டது. அந்த வருஷம் ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. ஒலிபரப்புக் கருவியின் சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 40 வாட். நம் வீட்டுக் குண்டு பல்பு ஒன்றின் சக்தி! பின்னால் அதை 200 வாட்டாக உயர்த்தினார்கள். சந்தாப் பணத்தை நம்பி நடந்த சங்கம் கடன் தாங்காமல் 1927இல் மூடிவிட்டது. கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி அதை ரிப்பன் கட்டடத்தில் வைத்து, 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். பெட்டி வாங்க வசதியில்லாதவரும் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்.

1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறந்தபோது, எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் ஒரு பங்களாவில்தான் குடியிருந்தது. யாரோ குடும்பம் நடத்துவதற்காகக் கட்டிய வீடு அது. கடற்கரைச் சாலையில் வானொலிக்கென்றே கட்டிய கட்டடத்துக்கு 1954இல்தான் போனார்கள். லண்டன் கதையும் இதேதான். பி.பி.சி. நிலையத்தார் 1923 முதல் 1932 வரை சவாய் ஹில் என்ற இடத்தில், வேறு காரியத்துக்குக் கட்டிய கட்டடத்தில் இருந்துவிட்டு, அதற்குப் பிறகே சொந்த மாளிகைக்குப் போனார்கள்.

வேறு காரியத்துக்குக் கட்டிய வீட்டில் வானொலி நடத்தினால் என்ன கெட்டுப்போகும்? இது நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் பருத்திக் கிட்டங்கி பார்த்திருப்பீர்கள். வெறும் கிட்டங்கிக்குள் நின்று ஒருத்தர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். சுவரெல்லாம் சேர்ந்து பதிலுக்குக் கூப்பிடும். அதே கிட்டங்கியில் பருத்தி மூடையை உத்தரம் முட்ட அடுக்கிவிட்டுக் கூப்பிடுங்கள்; குரல் மூடைக்குள் போய் அடங்கிவிடும். பஞ்சின் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒலி அந்தச் சந்துகளுக்குள் புகுந்து, உரசி, கொஞ்சம் உஷ்ணமாக மாறிப் போய்விடுகிறது. சிமெண்ட் சுவரிலோ புகுவதற்குச் சந்தே இல்லை. அதனால் அப்படியே திரும்பி வருகிறது.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஒரு வகுப்பறை கட்டினார்கள். உள்ளே ஒரு வார்த்தை சொன்னால் அது அடங்க ஐந்தரை வினாடி ஆனதாம். அதற்குள் வாத்தியார் பத்துப் பன்னிரண்டு வார்த்தை பேசியிருப்பார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பாகிவிடும். 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் இதைச் சரிபண்ணச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி குறைகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தையைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடவும் வேண்டும்! அறை பெரிதாக ஆக ஒலி அடங்க நேரம் கூடும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடக் கூட நேரம் குறையும் என்ற கணக்கு அப்படித்தான் பிறந்தது. பேச்சுக்கான ஸ்டுடியோ அறையில் ஒலி அரை வினாடிக்குள் அடங்கிவிட வேண்டும் என்று பார்த்துக் கட்டுகிறார்கள்.

அப்படியானால் நாலு சுவரிலும் கனத்த திரையைத் தொங்கவிட்டால் போதாதா? சவாய் ஹில்லில் அதைத்தான் செய்தார்கள். திரைத்துணி கீச்சுக் குரலை உறிஞ்சும். கட்டைக் குரலை உறிஞ்சாது. பேச்சில் 'ச', 'த', 'ட' போன்ற எழுத்துகளின் கூர்மை மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் பானைக்குள் பேசினது மாதிரி 'பம்' என்று கேட்கும். ஆகவே கனமான திரையும் வேண்டும், கட்டை ஒலியை வாங்குவதற்கு உள்ளே பொள்ளலாக அடித்த பலகையும் வேண்டும், இரட்டைக் கதவும் வேண்டும், லாரிச் சத்தம் தரை வழியாக ஏறாமல் இருக்க அடிப்பக்கம் மெத்தை போட்ட தளமும் வேண்டும். வாடகை வீட்டில் இதெல்லாம் ஆகிற காரியமா?

இது பாட்டு ரசிகர்களுக்கான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். "லிட்டர் தண்ணிக்கு மூணு மில்லி" என்று நான் சொல்கிறேன். எதிரொலிக்கிற அறையில் பதிவாகி, கரகரக்கிற பெட்டியில், பம்புசெட் ஓடுகிற சத்தத்தோடு அது உங்கள் காதில் 'நூறு மில்லி' என்று விழுந்தால் என்ன ஆகும்? பயிர் கருகும், காசும் போகும். நம் பக்கத்தில் மானாவாரிச் சோளத்துக்குச் சொல்கிற விதைக் கடினப்படுத்துதலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 சதவிகிதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசல், அதாவது லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம். ஊறவைப்பது 6 மணி நேரம். பிறகு நிழலில் உலர்த்தல். இந்த மூன்றில் ஒன்று தப்பாகக் காதில் விழுந்தாலும் விதை வீண். புஸ்தகம் என்றால் திரும்பப் புரட்டலாம். காற்றில் போன வார்த்தையை எங்கே போய்ப் புரட்டுவது?

நல்ல ஸ்டுடியோ வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் புது வீட்டைப் பார்த்து வாய் பிளப்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "கோபுரம் எங்கே நடப் போறீக?"

சின்ன நிலையங்களுக்கு இதுதான் உயிர்நாடி. 1984 அக்டோபர் 30இல் நாகர்கோவிலில் திறந்ததுதான் நம் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். அது அரசாங்க நிலையம். அதையும்விடச் சின்னது, 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சமுதாய வானொலி. இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும், வேளாண் அறிவியல் நிலையங்களும் இப்படி நடத்தலாம் என்று அனுமதி வந்தது. பாம்பனில் மீனவர்களுக்கென்று கடல் ஓசை என்ற நிலையம் 2016இல் தொடங்கியது. இந்தச் சமுதாய வானொலிகளுக்குப் பொதுவாக அனுமதித்த சக்தி 100 வாட். கோபுரம் 15 மீட்டருக்குக் குறையக்கூடாது, 30 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதி.

பழைய மீடியம் வேவ் ஒலி தரையோடு ஊர்ந்து வெகுதூரம் போகும். திருநெல்வேலி நிலையம் நம் கரிசல் காட்டில் கேட்டது அப்படித்தான். எப்.எம். அந்த ஜாதி இல்லை. ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி நேராகப் போகிறது. கோபுர உச்சியிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரம், அதற்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 30 மீட்டர் கோபுரத்துக்குக் கணக்குப் போட்டால் 22 கிலோமீட்டர் சுமாருக்கு அடிவானம் வந்துவிடும். 15 மீட்டர் என்றால் 16 கிலோமீட்டர். 100 வாட் சக்தியில் தெளிவாகக் கேட்பது பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். அருப்புக்கோட்டையில் இப்படி ஒரு நிலையம் வைத்தால் பரளச்சியில் சுத்தமாகக் கேட்குமா என்பது சந்தேகம்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மேட்டில் இருந்த நிலையம் வசதியான கட்டடம் கிடைத்ததென்று பள்ளத்துக்குப் போகிறது. அல்லது கிராமத்துப் பக்கம் இருந்தது டவுனுக்கு அந்தப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. நடுவில் இருக்கிற ஊருக்கு ஒன்றும் தெரியாது. விளிம்பில் இருக்கிற ஊர்தான் சத்தமில்லாமல் அறுந்துபோகும். பெட்டியில் கரகரப்பு வந்தால் அங்கே இருக்கிறவர் பெட்டி பழசாகிவிட்டது என்று நினைத்து மூடி வைத்துவிடுவார். புகார்கூட வராது. நிலையத்தாருக்கு அப்படி ஒரு ஊர் அறுந்தது தெரியவே தெரியாது.

விளிம்பு ஊர் எது? பெரும்பாலும் பஸ் குறைவாக வருகிற, மழையை மட்டும் நம்பிய ஊர். புரட்டாசியில் மழைக்கு ஒன்றிரண்டு வாரம் முந்தியே, காய்ந்த மண்ணில் 5 செண்டிமீட்டர் ஆழத்தில் விதை போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர். அந்த ஆழத்துக்கு ஈரம் இறங்குகிற மழை பெய்தால்தான் முளைக்கும், சின்னத் தூறலுக்கு ஏமாறாது என்பதற்காகத்தான் அந்த ஆழம். அந்த விதைப்பை எந்த வாரம் வைத்துக்கொள்வது என்ற தகவல் மற்ற எவரைவிடவும் அவருக்குத்தான் வேண்டும்.

அதனால் இடம் மாற்றுகிற நிலையத்தார் கட்டடத்துக்குப் பூசை போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரு சைக்கிள், ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. மாறுவதற்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் விளிம்பு ஊர்கள் ஒவ்வொன்றிலும் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். செலவு ஒன்றுமில்லை. அதையும் நம் இளவட்டங்களே செய்யலாம்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ஓட்டுக் கட்டடத்தில் இருந்த நிலையத்துக்குள் தலையில் துண்டோடு நுழைகிற சம்சாரி, கண்ணாடிக் கதவு போட்ட கட்டடத்துக்குள் நுழையத் தயங்குவார். செருப்பை வெளியே விடச் சொல்வார்கள் (ஸ்டுடியோவில் தூசி ஆகாது, அது நியாயம்தான்), வாசலில் பேரெழுதச் சொல்வார்கள். ரெண்டு தடவை வந்தவர் மூணாவது தடவை வரமாட்டார். நிலையத்தாருக்கும் குளிர்ந்த அறை பழகிவிட்டால் வெயிலில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைய மனசு வராது. கடைசியில் என்னை மாதிரி அதிகாரிகள் பேசுவதும், சினிமாப் பாட்டுமாக நேரம் போய்விடும். ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் கொஞ்சம் கலந்திருந்தாலும், பருத்திக் காட்டில் நின்று ஒரு சம்சாரி சொல்கிற பேச்சுக்குக் கேட்கிறவர்கள் காது கொடுக்கிற மாதிரி என் பேச்சுக்குக் கொடுப்பதில்லை. இது எனக்கே தெரியும்!

1956இல் புனே நிலையத்தார் சுமார் 150 கிராமங்களில் வானொலி விவசாய மன்றங்கள் நடத்திப் பார்த்தார்கள். யுனெஸ்கோ உதவி செய்தது. ஊர் கூடிக் கேட்பது, கேட்டதும் உட்கார்ந்து விவாதிப்பது, சந்தேகத்தை நிலையத்துக்கு எழுதுவது, அடுத்த வாரம் பதில் வருவது என்று ஏற்பாடு. பலன் அந்த விவாதத்தில்தான் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல் பரவினபோது அதற்கு ஜனங்கள் 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். திருச்சி நிலையம் அவ்வளவு தூரம் வயலுக்குள் இறங்கியிருந்தது.

சரி, உங்கள் பங்குக்கு ஒரு காரியம். இப்போதெல்லாம் கைப்பேசியிலேயே பேசிப் பதிவுபண்ணி நிலையங்களுக்கு அனுப்புகிறீர்கள். அப்படிப் பேசும்போது சிமெண்ட் அறையில் நிற்காதீர்கள். பருத்தியோ, சாக்கோ, துணிமணியோ அடுக்கியிருக்கிற அறைக்குள் போங்கள். வெளியே என்றால் படப்புக்கு மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். காற்றாடியை நிறுத்திவிடுங்கள். கைப்பேசியை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஊர்ப் பெயரை முதலில் சொல்லுங்கள். மருந்து அளவு, விதை அளவு எதுவானாலும் இரண்டு தரம் சொல்லுங்கள். இரண்டாம் தரம் நிறுத்தி, "மூணு, ஒண்ணு ரெண்டு மூணு" என்று எண்ணிச் சொன்னாலும் குற்றமில்லை. உங்கள் ஊரில் நிலையம் கேட்கிறதா, எந்த நேரத்தில் கரகரக்கிறது என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த வாரம் மல்லியில் வரும் சாம்பல் நோயைப் பற்றிப் பேசுகிறேன். வணக்கம்.