துன்பமும் துணையும்: 'இரட்சணிய யாத்திரிகம்' காட்டும் வழி



நம் வட்டத்தின் பத்தாமாண்டு விழாவில், இராமாநுசர் அவதரித்த திருப்பெரும்புதூர் மண்ணில் நின்று, வைணவக் குடியில் 1827இல் பிறந்து 1858இல் கிறித்தவம் தழுவிய எச். ஏ. கிருட்டிணபிள்ளையை நினைப்பது பொருத்தமே. கம்பனில் தோய்ந்த அப்புலவர் 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்', ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாண'த்தைத் தழுவிய காப்பியம். பன்யனோ, பிரசங்கத்தைக் கைவிட மறுத்து 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர்.

துன்பம் மனிதரைப் புடமிடும் என்பர். எல்லோரையும் அன்று, சிலரை அது முறித்தும் விடுகிறது. வேறுபாடு எங்கே உள்ளது? பன்யன் கதையில், ஐயக் கோட்டையில் அடைபட்ட பயணி உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறான். உடனிருந்த தோழன் தடுக்கிறான். இருவரும் இரவெல்லாம் செபிக்கின்றனர். விடியுமுன், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் நெஞ்சருகிலேயே இருந்ததைப் பயணி உணர்கிறான். திறவுகோல் இறைவன் தந்தது. அதை உணரும்வரை அவனை வாழவைத்தது தோழமை.

ஆகவே, துன்புறுவோரிடம் 'பொறுத்துக்கொள்' என்று சொல்லி அகல்வது கிறித்தவம் ஆகாது. பொறுமை என்பது அநீதிக்கு உடன்படுதலும் அன்று. 2021 டிசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற தோழியருக்காக இவ்வூர் நெடுஞ்சாலையில் அமர்ந்த ஆலைப் பெண்கள் எச்சமயத்தவராயினும், அத்தோழமையையே அவர்களிடம் காண்கிறேன்.

கவிஞர்களே, துன்பத்தைப் புகழ்ந்து பாட வேண்டா. துன்புறுவோர் அருகில் விடியும்வரை அமர்ந்திருக்கும் கவிதையைத் தாருங்கள்.