கடலில் மூழ்கிய குண்டும் மூடி மறைத்த உண்மையும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய சமாதானக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆலையில் ஒரு தொழிலாளியின் விரல் போனால் என்ன நடக்கிறது? முதலில் மெஷினை மறுபடி ஓட்டுகிறார்கள். பிறகு, "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். அதன் பிறகு, வெளியே பேசாதே என்கிறார்கள். இது நாம் அறிந்த சங்கதி. இன்று நாம் சொல்லப்போவதும் அத்தகைய சங்கதிதான். நடந்த இடம் பசிபிக் மகாசமுத்திரம்.

1965 டிசம்பர் 5. 'டைகாண்டெரோகா' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல், வியட்நாம் யுத்தத்திலிருந்து ஜப்பானின் யோகோசுகா துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒரு பயிற்சி நடந்தது. 'ஸ்கைஹாக்' என்ற விமானத்தை மாலுமிகள் கப்பலின் உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். கப்பலின் ஓரத்திலிருந்த தூக்குமேடையில் அதை நிறுத்தி, மேல்தளத்துக்கு ஏற்ற வேண்டும். விமானம் நிற்கவில்லை. உருண்டுபோய்க் கடலில் விழுந்தது. உள்ளே விமானி இருந்தார். விமானத்தில் பி-43 ஹைட்ரஜன் குண்டு ஒன்று மாட்டியிருந்தது. அங்கே கடலின் ஆழம் ஏறக்குறைய 4,900 மீட்டர். விமானியோ, விமானமோ, குண்டோ இன்றுவரை மீட்கப்படவில்லை.

பி-43 வகைக் குண்டின் சக்தி ஒரு மெகாடன் வரை போகும். 1945-ல் ஹிரோஷிமாவைச் சாம்பலாக்கியது ஏறக்குறைய 15 கிலோடன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அறுபது மடங்குக்கும் அதிகம்! இதை வைத்துக்கொண்டுதான் பயிற்சி செய்தார்கள்.

மாண்ட விமானி நமக்கு எதிரியல்ல, தோழர்களே. அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை, இளைஞர். அவரை அந்த இருக்கையில் உட்கார வைத்து, வியட்நாம் விவசாயிகள் மீது யுத்தத்தை ஏவிய கூட்டத்தின் மீதுதான் நம் கோபம்.

குண்டு தொலைந்த செய்தியை எப்போது சொன்னார்கள்? 1981-ல்! பதினாறு வருஷம் கழித்து! அப்போதும் முழு உண்மை வரவில்லை. கரையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் என்றார்கள். 1989-ல் ஆராய்ச்சியாளர்கள் கடற்படையின் தஸ்தாவேஜுகளைத் தேடி எடுத்தபோதுதான் குட்டு உடைந்தது. ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து சுமார் 80 மைல்தான்! தீவு மக்கள் வலை வீசி வயிறு வளர்க்கும் கடல் அது. ஜப்பானிய மக்கள் கொதித்தெழுந்தார்கள். சர்க்கார் விளக்கம் கேட்டது. சுற்றுப்புறத்துக்கு ஆபத்தில்லை என்று அமெரிக்கா பதில் சொல்லிவிட்டது.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. குண்டோடு யோகோசுகாவுக்குக் கப்பல் போகலாமா? அணு ஆயுதத்தைச் செய்வதில்லை, வைத்திருப்பதில்லை, உள்ளே விடுவதில்லை என்று 1967-ல் ஜப்பானியப் பிரதமர் சாடோ அறிவித்தார். ஆனால் இத்தகைய கப்பல்கள் வந்துபோவதைக் கண்டுகொள்ளாமலிருக்க இரு சர்க்கார்களுக்குமிடையே மறைமுக இணக்கம் இருந்ததென்று, ஜப்பான் சர்க்கார் நியமித்த குழுவே 2010-ல் சொல்லிற்று. மக்களிடம் ஒரு பேச்சு, எஜமானர்களிடம் வேறு பேச்சு!

டைகாண்டெரோகா சம்பவம் நடந்து ஆறே வாரம். 1966 ஜனவரி 17. ஸ்பெயினில் பலோமாரெஸ் கிராமத்தின் மேல், ஆகாயத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டபோது இரண்டு அமெரிக்க விமானங்கள் மோதின. ஏழு விமானப்படையினர் மாண்டார்கள். நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. இரண்டில் இருந்த சாதாரண வெடிமருந்து வெடித்து, தக்காளி விளையும் பூமியில் புளூட்டோனியத் தூளை இறைத்தது. ஒன்று கடலில் விழுந்தது. பெரிய கடற்படையே தேடியும் லேசில் அகப்படவில்லை. அது எங்கே விழுந்ததென்று கண்ணால் பார்த்து இடத்தைக் காட்டியவர் ஒரு மீனவர். ஏப்ரல் 7-ல்தான் குண்டை எடுத்தார்கள். கடலை அறிந்தவன் உழைப்பாளி. கடலைக் கெடுத்தவன் ஏகாதிபத்தியவாதி!

இதற்கெல்லாம் நாம் என்ன செய்ய முடியும் என்று சில தோழர்கள் கேட்கலாம். 1954 மார்ச் 1-ல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர். நோயுற்று ஒருவர் இறந்தார். டோக்கியோவின் சுகினாமி பகுதியில் குடும்பப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். இயக்கம் நாடெங்கும் பரவியது. மூன்று கோடிக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது! 1955-ல் ஹிரோஷிமாவில் உலக மாநாடு கூடியது. அடுப்பங்கரையிலிருந்து புறப்பட்ட இயக்கம் அது.

இன்றும் உலகில் ஏறக்குறைய 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. அணு ஆயுதங்களைத் தடை செய்யும் ஒப்பந்தம் 2021 ஜனவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அணுகுண்டு வைத்திருக்கும் எந்த நாடும் அதில் சேரவில்லை. நம் நாடும் சேரவில்லை. சேரச் சொல்லி நாம் கேட்க வேண்டும். ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் இதைப் பேசுங்கள். விரல் போனதை மறைக்க விடாத சங்கம், குண்டு போனதை மறைக்கவும் விடக்கூடாது!

சமாதானம் ஓங்குக!