ஓர்க்னித் தீவுகளின் கல்லறைகள்: ஒரு வைத்தியரின் பார்வை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



உயர்தரத்தில் நான் உயிரியல் பிரிவுக்குப் போனபோது எங்கள் வரலாற்று ரீச்சர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

நான் ஸ்கொட்லாந்தில் குடும்ப வைத்தியராக வேலை செய்கிறேன். அதன் வடமுனைக்கு அப்பால் கடலில் ஓர்க்னி என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. மரம் மிக அரிது, காற்று ஓயாது. ஆனால் பலகை பலகையாகப் பிளக்கும் நல்ல கல் உண்டு. கற்கால மக்கள் வீட்டை மட்டுமல்ல, கட்டிலையும் தட்டுகளையும்கூட அந்தக் கல்லால் செய்தார்கள். 1850 குளிர்காலத்துப் புயல் ஒன்று மணல்மேட்டைப் பிய்த்தெறிந்தபோது ஸ்காரா பிரே என்ற ஊர் வெளியே வந்தது. எகிப்தின் பெரிய பிரமிட்டுக்கு முன்பே அங்கே ஆட்கள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறோர் இடம். தென் ரொனல்ட்சே தீவில் 1958இல் ரொனி சிமிசன் என்ற விவசாயி தன் காணியின் கடலோரத்தில் ஒரு கல்லறையைக் கண்டார். நான் போன காலத்தில், சக்கரம் பூட்டிய பலகையில் படுத்து, மேலே கட்டிய கயிற்றை இழுத்து இழுத்துத்தான் உள்ளே போகவேண்டும். (சேலையோடு முடியாது!) அதனுள் சுமார் 16,000 மனித எலும்புகள் கலந்து கிடந்தன. கடற்கழுகுகளின் எலும்புகளும் கிடந்ததால், கழுகு அந்தக் குலத்தின் சின்னம் என்று முதலில் எழுதினார்கள். பின்னர் ரேடியோ காபன் முறையில் காலம் பார்த்தபோது, கல்லறை கட்டிப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகே அந்தக் கழுகுகள் செத்தன என்று தெரிந்தது. நல்ல கதைதான், ஆனால் விடவேண்டியதாயிற்று. வைத்தியத்திலும் எங்களுக்கு இது நடப்பதுண்டு.

எலும்புகளை ஆராய்ந்தவர்கள் முள்ளந்தண்டு மூட்டுகளில் தேய்வைக் கண்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் மிகச் சிலர். பெண்களின் மண்டையோடுகள் சிலவற்றில் உச்சிக்குக் குறுக்கே மெல்லிய பள்ளம் இருந்தது. தலையில் கயிறு மாட்டி முதுகில் பாரம் சுமந்ததன் தடமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினார்கள்.

அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பயிற்சி முடித்த புதிதில் நான் மலையகத்தில் இருந்தேன். கழுத்துநோ என்று கொழுந்து பறிக்கும் அம்மாமார் வருவார்கள். கூடைக் கயிறு தலையில்தான் தொங்கும். குளிசை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். கூடையின் பாரம் எவ்வளவு என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய பெண்ணின் தலையைப் பார்த்து யாரோ கேட்டிருக்கிறார்கள், என் முன்னால் கதிரையில் இருந்தவரை நான் கேட்கவில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும். வெஸ்ட்ரே தீவில் நொல்ட்லண்ட் என்ற கடற்கரையில் காற்று மணலை அள்ளிப் போகப் போகப் பழைய வீடுகளும் புதைகுழிகளும் வெளியே வந்தன. அழியுமுன் தோண்டியெடுத்தார்கள். அங்கே புதைக்கப்பட்ட வெண்கலக் காலத்தவரின் மரபணு ஆய்வு 2022இல் வெளியானது. தந்தைவழி பழைய தீவாருடையதாகவே தொடர்ந்திருக்கிறது, தாய்வழிகளோ பெரும்பாலும் புதியவை. கடல் கடந்து வந்து அங்கே குடியேறியவர்களில் பெண்களே அதிகம் என்பது ஆய்வாளர் முடிவு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் சீதன வீட்டுக்கு வருவார், அங்கே நேர்மாறு. ஆனால் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து இன்று வந்திருக்கும் உங்களில் எத்தனை பேர், முன்பின் தெரியாத குளிருக்குள் ஒரு சூட்கேசோடு போய் இறங்கினீர்கள்! அந்தப் பெண்கள் என்ன கொண்டு போனார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். விதையா, ஒரு பானையா, தாலாட்டா?

ஸ்காரா பிரேயின் முன்னால் 1920களிலேயே கடற்சுவர் கட்டினார்கள். அலை இன்னும் அதன் ஓரங்களை அரிக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் தாமதிக்க வேண்டாம். யூன் மாதத்திலும் தடித்த கோட் வேண்டும். வழியில் என் வீட்டில் தங்கலாம், சோறு கறி உண்டு. ரீச்சர், உங்களுக்கு முதல் அறை.