"இல்லை" என்ற முடிவை எவ்வளவு நம்பலாம்?

(ஆஸ்பத்திரி நண்பர்கள் கூடுகையில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையால் எங்கள் ஆய்வகம் நடக்கிறபடியால், அங்கே கிடைக்கிற முடிவு எந்தமட்டும் நம்பத்தக்கது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2020-இல் கொரோனா பரவியபோது, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுகளில் வேலை செய்யும் தாய்மார் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். "இன்னைக்கே சொல்லிருவீங்களா டாக்டரம்மா? நாளைக்கு வேலைக்குப் போகணும்."

அன்றே சொல்லும் கருவிகள் வராமலில்லை. ஏப்ரலில் சீனாவிலிருந்து துரித எதிர்ப்பொருள் கருவிகள் வந்தன. ராஜஸ்தானில் சோதித்தபோது 5.4 சதவீதமே சரியாக இருந்தது. தமிழ்நாடு தன்னிடமிருந்த 24,000 கருவிகளைத் திருப்பி அனுப்பியது. கருவி நல்லதாகவே இருந்தாலும், கிருமி நுழைந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தே இரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரியும். வீடு எரிந்தபின் சாம்பலைப் பார்ப்பது போலத்தான்.

ஜூனில் ஆன்டிஜென் கருவிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அனுமதி கொடுத்தது. மூக்கில் சளி எடுத்து அரைமணி நேரத்தில் முடிவு. "உண்டு" என்று காட்டினால் பெரும்பாலும் நம்பலாம்; தவறு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. "இல்லை" என்பதில்தான் ஆபத்து. அக்கழகத்தின் சோதனைப்படி, உள்ள கிருமியைக் கண்டுபிடிக்கும் திறன் 50.6 முதல் 84 சதவீதம். அதாவது தொற்றுள்ள 100 பேரில் 16 பேராவது, சில வேளை 49 பேர்வரை, "இல்லை" என்ற சீட்டோடு வீடு திரும்புவார்கள். நாளைக்கு அதே தீப்பெட்டி ஆபீஸ், அதே மினிபஸ், வீட்டில் வயதான மாமியார்! ஆகவே அறிகுறி உள்ளவருக்கு "இல்லை" வந்தால், ஆர்.டி.-பி.சி.ஆர். மறுபடி எடுக்க வேண்டும் என்றே விதி இருந்தது.

மற்ற மாநிலங்கள் ஆன்டிஜெனை நாடியபோது, தமிழ்நாடு ஆர்.டி.-பி.சி.ஆர். ஒன்றையே பிடித்துக்கொண்டது. அது சரியான முடிவு என்றே எண்ணுகிறோம். ஆனால் அதற்குரிய விலையை எங்கள் கரிசல்காட்டு ஜனங்கள் கொடுத்தார்கள். மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்துத் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை கூலியில்லை. அந்தச் சோதனையும் பிழையற்றதல்ல. சளியைச் சரியாக எடுக்காவிட்டால் கிருமி தப்பிவிடும். குணமானவரிடமும் செத்த கிருமியின் துணுக்கைச் சில வாரம் காட்டும்.

டெங்குவிலும் ஏறக்குறைய இதே கதைதான். முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1, பிறகு ஐ.ஜி.எம். ஆகவேதான் இரத்தம் எடுக்கு முன்பே, "காய்ச்சல் எத்தனை நாளாம்மா?" என்று எங்கள் ஆய்வகத் தங்கச்சி இன்றும் கேட்கிறாள்.