குதிர் என்னுது, சாவி யாருது?

2012, தஞ்சாவூர். பொங்கலுக்குச் சேர்ந்த காசுல ஒரு கேம் டிவிடி வாங்கினேன். டிஸ்க்கைப் போட்டா, முதல்ல எங்க லாஞ்சரை இறக்கு, கணக்கு தொடங்குன்னு வருது. என்கிட்ட இருந்தது ஒரு டேட்டா கார்டு; கூடவே பவர் கட். கேம் ஓட மூணு நாள் ஆச்சு. அப்பா கேட்டார்: "நம்ம குதிர்ல நெல்லு அள்ள, வித்தவன்கிட்ட சாவி கேக்கணுமாடா?"

இது புதுசு இல்ல. 2004-லயே ஹாஃப்-லைஃப் 2 டிஸ்க் வாங்கினவங்களும் ஸ்டீம் போட்டே ஆகணும். 2024 மே மாசம், ஹெல்டைவர்ஸ் 2-ஐ கணினியில ஆடுறவங்களும் பிஎஸ்என் கணக்கை இணைக்கணும்னு சோனி அறிவிச்சது. அந்தச் சேவையே இல்லாத நாடுகள்ல காசு கொடுத்து வாங்கினவங்க என்ன செய்வாங்க? ஸ்டீம்ல எதிர்ப்பு விமர்சனங்கள் குவிஞ்சுது. சில நாள்லயே சோனி பின்வாங்கிடுச்சு.

அதனால, வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டீம் பக்கத்தைப் பாருங்க. வேற கணக்கு வேணும்னா அங்கேயே போட்டிருக்கும். சாவி கேக்காத குதிர் வேணும்னா ஜிஓஜி இருக்கு. இன்ஸ்டாலரை இறக்கி நாமளே வெச்சுக்கலாம்.

என் டிவிடியா? அந்த லாஞ்சரையே மூடிட்டாங்க. டிஸ்க் மட்டும் கீறல் இல்லாம அலமாரியில இருக்கு.